முதலில் வாய் திறந்தவர்

சிவகாசியில் காலண்டர் அச்சடிக்கிற ராஜசிங்குக்கு வியாபாரத்தில் ஒரே ஒரு ஆயுதம்தான். எதிரே இருக்கிறவர் விலை சொன்னதும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைப்பார். துடைத்துக்கொண்டே இருப்பார். அதிகம் என்று சொல்ல மாட்டார், முகத்தைச் சுளிக்கவும் மாட்டார்.

பேப்பர் கம்பெனி சேல்ஸ்மேன் ஹரிஷ்குமாருக்கு அந்தக் கண்ணாடி கழன்றால் போதும், வாய் தானாக விலையைக் குறைக்க ஆரம்பித்துவிடும்.

"இந்த ரேட்டுக்குக் கொறைய முடியாது அண்ணாச்சி."

துடைப்பு.

"சரி, உங்களுக்காக லாரி வாடகை எங்க தலையில."

துடைப்பு.

"இதுக்கு மேல எறங்கினா மேனேஜர் என்னைய உரிச்சுப்புடுவாரு."

துடைப்பு. கடைசியில் மேனேஜர் உரித்தாலும் உரிக்கட்டும் என்கிற இடத்துக்கு அவனாகவே வந்து சேர்வான். அப்போதுதான் ராஜசிங் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "உன் இஷ்டம்" என்பார். எங்கள் கடைத்தெருவில் பாதிப் பேருக்கு இந்த வித்தை தெரியும். ஆனால் நடுவில் இருமித் தொலைப்பார்கள், இல்லையென்றால் எதிராளியைப் பார்த்துப் பாவமாகிவிடும். ராஜசிங்குக்கு இரண்டு நோயும் கிடையாது.

அப்பேர்ப்பட்டவரை மௌன ஜெபத்துக்கு இழுத்துக்கொண்டு போனது அவர் மனைவி ஜெயசீலி. ஆஸ்பத்திரியில் தீக்காய வார்டு நர்ஸ். வேலை முடிந்து வந்தாலும் வார்டுச் சத்தம் காதைவிட்டுப் போகாது. சாத்தூர் ரோட்டில் கத்தோலிக்க சிஸ்டர்கள் நடத்துகிற தியான இல்லத்தில் சனிக்கிழமை சாயங்காலம் யார் வேண்டுமானாலும் வந்து மௌனமாக உட்காரலாம் என்று கேள்விப்பட்டுப் போக ஆரம்பித்தாள். இவர்கள் சி.எஸ்.ஐ. என்கிற புராட்டஸ்டண்ட் சபைக்காரர்கள். ஜெபம் என்றால் அடுத்த தெருவுக்குக் கேட்க வேண்டும் என்று நினைக்கிற கூட்டம். "இதென்ன ஊமை ஜெபம்?" என்று சபையில் கேலி பேசினார்கள். ஜெயசீலி கண்டுகொள்ளவில்லை. ஒரு வாரம் புருஷனையும் காரில் ஏற்றிக்கொண்டாள்.

அங்கே சிஸ்டர் அமலி சொல்லிக்கொடுத்தது கொஞ்சம்தான். "ஏதாவது ஒரு புனிதச் சொல்ல மனசுல வச்சுக்கிட்டு, கண்ண மூடி உக்காருங்க. நெனப்பு வரும், வரட்டும், தானாப் போயிரும். அதோட சண்டையும் வேண்டாம், சகவாசமும் வேண்டாம். மெதுவா அந்தச் சொல்லுக்குத் திரும்பிருங்க. கடவுள்கிட்ட எதையாவது வாங்கிட்டுப் போகணும்னு உக்காராதீங்க. அவர் முன்னால சும்மா இருங்க, போதும்."

ராஜசிங்குக்கு இது உடனே பிடிபட்டது. வேண்டாதவன் மாதிரி உட்கார்ந்திருக்கிறவனுக்குத்தான் சரக்கு நல்ல விலைக்குக் கிடைக்கும். ஆண்டவர் கடையிலும் இதுதான் முறை போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டார். 'சித்தம்' என்ற சொல்லை எடுத்துக்கொண்டார். ஆண்டவருடைய சித்தம் எதுவோ அது.

மற்றவர்கள் நெளிந்தார்கள், தொண்டையைச் செருமினார்கள். பக்கத்துப் பட்டாசு ஆலையில் சரக்கைச் சோதித்துப் பார்க்க வெடி போடுகிறபோதெல்லாம் மொத்தக் கூடமும் ஒரு முறை தூக்கிவாரிப்போட்டு அடங்கும். ராஜசிங் மட்டும் அசையமாட்டார்.

"ராஜசிங் ஐயாவப் பாருங்க," என்றார் சிஸ்டர் ஒருநாள் எல்லோருக்கும் முன்னால். "மௌனம் அவருக்கு வரமா அமைஞ்சிருக்கு."

ஜெயசீலிக்குப் பெருமை தாளவில்லை. இத்தனை வருஷம் கண்ணாடி துடைக்கிற மனுஷன் என்று நினைத்திருந்தோமே, உள்ளுக்குள்ளே இம்புட்டு ஆழமா என்று வியந்துபோனாள். அந்த வியப்பில்தான் அவள் ஏமாந்தது.

ஜெயசீலிக்கு ஓர் அக்காள் உண்டு, பியூலா. ராஜசிங்குக்கு அவள் மதினி, அவளுக்கு அவர் தம்பி. அம்மா இல்லாத வீட்டில் தங்கையை வளர்த்து, நர்சிங் படிக்க வைத்து, தன் கல்யாணத்தைத் தள்ளித் தள்ளிப் போட்டுக் கடைசியில் மறந்தே போனவள். சாத்தூரில் ஒரு பெண்கள் விடுதியில் வார்டன். விடுதி அறைதான் வீடு. குரல் மட்டும் கோயில் மணி மாதிரி. விடியும்போதே கீர்த்தனை பாட ஆரம்பித்துவிடுவாள். பெருநாளைக்கு வந்து இரண்டு நாள் தங்கினாலே ராஜசிங் காதில் பஞ்சு வைத்துக்கொள்வார்.

ஒருநாள் சாப்பாட்டுக்குப் பிறகு ஜெயசீலி ஆரம்பித்தாள். "என்னங்க, அக்காவுக்கு இந்த மாசக் கடைசியோட வேலை முடியுதாம். ரூமக் காலி பண்ணணும். நம்ம மாடி ரூமு சும்மாதான கெடக்கு. இங்கன வந்து இருக்கட்டுமா?"

ராஜசிங்கின் கை கண்ணாடிக்குப் போனது. அந்த முதல் தடவை அது பழக்கத்தில் தானாகப் போன கை. அவர்மேல் பழி சொல்ல முடியாது.

ஜெயசீலி அவர் முகத்தைப் பார்த்தாள். "ஆண்டவர் சித்தம் தெரிய ஜெபத்துல வைக்கீகளா? வைங்க. அவசரமில்ல."

இது ராஜசிங் எதிர்பாராத லாபம். மறுநாளும் அவர் ஒன்றும் பேசவில்லை. இது பழக்கத்தில் வந்ததில்லை, தெரிந்தே செய்தது.

"மாடி ரூம்ல உங்க காலண்டர் சாம்பிளெல்லாம் கெடக்குல்லா," என்றாள் ஜெயசீலி. "அக்காவுக்குப் பின்னால இருக்கிற சின்ன ரூமு போதும்."

துடைப்பு.

"கிறிஸ்மஸ் வரைக்கும் மட்டும் இருக்கட்டும். பொறவு வேற எடம் பாத்துக்கிடலாம்."

துடைப்பு.

"காலைல பாட வேண்டாம்னு நான் சொல்லிருதேன். சொன்னா கேட்டுக்கிடுவா."

இந்த இடத்தில் ராஜசிங்கின் துடைப்பு ஒரு கணம் நின்றது. பிறகு இன்னும் அழுத்தித் துடைத்தார்.

அந்த வார இறுதிக்குள் ஜெயசீலியே வந்து சொன்னாள். "அக்காகிட்ட பேசிட்டேன். பாளையங்கோட்டைல ஒரு முதியோர் இல்லத்துல எடம் இருக்காம். 'தம்பி இம்புட்டு ஜெபம் பண்ணியும் ஆண்டவர் வழி காட்டலன்னா அதுதான் சித்தம். நான் அங்கனயே போயிருதேன்'ங்கா." சொல்லிவிட்டுப் புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள்.

ராஜசிங் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "உன் இஷ்டம்," என்றார்.

அடுத்த சனிக்கிழமை பியூலா ஒரு பையோடு வந்து இறங்கினாள். மறுநாள் பாளையங்கோட்டைக்குப் போகவேண்டும். அதற்குள் தம்பியின் மௌன ஜெபத்தை ஒருதரம் பார்த்துவிட ஆசை. அக்காளும் தங்கையும் அவரைக் கூட்டிப்போக அச்சகத்துக்கே வந்தார்கள். அங்கே ஹரிஷ்குமார் அப்போதுதான் விலையில் இறங்கி முடித்து, தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான்.

"வாங்கக்கா," என்றான் ஜெயசீலியிடம். "நீங்களாச்சும் அண்ணாச்சிக்கு எடுத்துச் சொல்லுங்க. கண்ணாடியக் கழட்டுனாருன்னா நான் காலி. வாயே தொறக்கமாட்டாரு. நான் பாட்டுக்கு ஒவ்வொண்ணா எறங்கி எறங்கி வாறேன், அவரு தொடச்சுக்கிட்டே இருக்காரு. கடைசில என் கழுத்த நானே அறுத்து அவரு கையில குடுப்பேன். அப்ப மாட்டுவாரு பாருங்க கண்ணாடிய. 'உன் இஷ்டம்'ன்னு ஒரு வார்த்தை வேற."

பியூலா சிரித்த சிரிப்பில் மிஷின் ஓட்டுகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "எங்க தம்பி கெட்டிக்காரம்லா," என்றாள்.

ஜெயசீலி சிரிக்கவில்லை. அவர் மூக்கில் மாட்டியிருந்த கண்ணாடியைப் பார்த்தாள். பிறகு அதற்குப் பின்னால் இருந்த கண்ணைப் பார்த்தாள். ராஜசிங்குக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. ஹரிஷ்குமாரின் காலியான தம்ளரைப் பார்த்தார்.

"கார் சாவிய எடுங்க," என்றாள். "நேரமாச்சு."

காரில் பியூலாதான் பேசிக்கொண்டு வந்தாள். வழக்கமான குரலில் இல்லை, ஏதோ திருடுகிறவள் மாதிரி மெல்லப் பேசினாள். "பாளையங்கோட்டைல சத்தம் போடக்கூடாதாம் தம்பி. பக்கத்துக் கட்டில்ல சீக்காளிக இருப்பாகளாம். அதான் இப்பமே பழகிக்கிடுதேன்."

ராஜசிங் ரோட்டைப் பார்த்து ஓட்டினார். எதிரே ஆலை வேன்கள் வேலையாட்களை ஏற்றிக்கொண்டு வரிசையாக வந்தன.

கூடத்தில் சிஸ்டர் மணியடித்தார். எல்லோரும் கண்ணை மூடினார்கள். ராஜசிங் தன் சொல்லைத் தேடினார். 'சித்தம்' என்று ஆரம்பித்தால் 'சின்ன ரூமு போதும்' என்று ஜெயசீலியின் குரல் வந்தது. சண்டை போடாமல் மெதுவாகத் திரும்பினார். 'கிறிஸ்மஸ் வரைக்கும் மட்டும்' என்றது. மறுபடி திரும்பினார். 'பாட வேண்டாம்னு சொல்லிருதேன்.' நினைப்பு வந்தால் போய்விடும் என்றுதானே சிஸ்டர் சொன்னார்; இது போகிற நினைப்பாக இல்லை. கண்ணைத் திறந்து பக்கத்தில் பார்த்தார். பியூலா உதட்டை இறுக்கி, போதாததற்குக் கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வெளியே ஆலையில் ஒரு வெடி வெடித்தது. ராஜசிங்குக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"மதினி நம்ம வீட்டுலயே இருக்கட்டும்," என்றார்.

கூடம் முழுக்கக் கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தது. ஜெயசீலி மட்டும் திறக்கவில்லை.

"தம்பி, ஜெபம் நடக்கு," என்று பியூலா காதில் சொன்னாள். அவள் காதில் சொன்னால் வாசல் வரைக்கும் கேட்கும்.

"மாடி ரூம்ல இருக்கட்டும்," என்றார் ராஜசிங் மனைவியைப் பார்த்து.

மூடிய கண் மூடியபடியே இருந்தது.

"கிறிஸ்மஸ் வரைக்கும்னு இல்ல. எப்பவுமே."

ஜெயசீலி கைகளை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"காலைல பாடட்டும்."

சொல்லி முடித்தபோதுதான் தான் ஹரிஷ்குமார் மாதிரி ஒவ்வொரு படியாக இறங்கிக்கொண்டிருப்பது அவருக்கு உறைத்தது. எதிரே யாரும் கண்ணாடி துடைக்கவில்லை, விலை பேசவில்லை. அவள் சும்மா இருந்தாள், அவ்வளவுதான். அது வியாபாரம் இல்லை என்பதுதான் அவரை வேர்க்க வைத்தது. சிஸ்டர் அமலி ஒரு வார்த்தை கண்டித்திருந்தால்கூடத் தேவலை. அவர் கண்ணை மூடிக்கொண்டு தன் சொல்லுக்குத் திரும்பிவிட்டார். ஒருவர் பின் ஒருவராக மற்றவர்களும் திரும்பிப் போனார்கள். மௌனம் வரமாக அமைந்த மனிதர் மட்டும் திரும்ப இடமில்லாமல், அடுத்த மணி அடிக்கிறவரைக்கும் நடுக்கூடத்தில் முழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

வாசலில் செருப்பைத் தேடும்போது யாரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. நாகரிகமானவர்கள்.

பியூலாவிடம் என்ன சொல்வது என்று ஒரு பெரிய பேச்சைத் தயார் செய்திருந்தார். அவள் கோபப்படுவாள், பிகு பண்ணுவாள், தாங்கித் தாங்கிக் கெஞ்சவேண்டியிருக்கும் என்று கணக்குப் போட்டிருந்தார். "மதினி, நான் உங்கள..." என்று தொடங்கினார்.

"சரி தம்பி, வாறேன்," என்றாள் பியூலா.

"நான் இன்னும் கேக்கவே இல்லயே."

"அதான் உள்ள கேட்டீகளே, ஊருக்கே கேட்டுச்சு. நல்லதாப் போச்சு, நாளைக்குப் பையத் தூக்கிட்டு பஸ் ஏற வேண்டாம்." பின்கதவைத் திறந்து ஏறிக்கொண்டாள். பழைய குரல் பாதி திரும்பியிருந்தது.

முதல் வார்த்தைக்கே சம்மதித்துவிடுகிற ஆளை ராஜசிங் தன் வியாபாரத்தில் பார்த்ததே கிடையாது. அவள் ஒரு வார்த்தை வைதிருந்தால் அதை வாங்கிக்கொண்டாவது கடனைக் கழித்திருக்கலாம். ஒன்றும் வாங்கிக்கொள்ளாமல் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

ஜெயசீலி முன்கதவருகே நின்றாள்.

"நீ ஒண்ணும் சொல்லலையே," என்றார்.

"நான் சொல்ல வேண்டியதெல்லாம் வீட்டுலயே சொல்லிட்டேன்லா," என்றாள். உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஊர் எல்லை வருவதற்குள் பின்சீட்டில் பியூலா பாட ஆரம்பித்துவிட்டாள். ராஜசிங்கின் கண்ணாடி வேர்வையில் மங்கிப்போய், எதிரே வருகிற வண்டி வேனா லாரியா என்று பிடிபடவில்லை. கழற்றித் துடைத்தால் சரியாகிவிடும். பக்கத்தில் அவள் இருக்கும்போது அதற்குக் கை வரவில்லை. பின்னால் வந்தவர்களெல்லாம் ஹாரன் அடித்துத் தாண்டிப் போக, வண்டியை மெதுவாக உருட்டிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தார்.