கருங்காலித் தூள்

கருங்காலியைக் கடைந்தால் வரும் தூள் மற்ற மரத்தூள் போல இருக்காது. கண்மை மாதிரி இருக்கும். விரல் ரேகைக்குள் இறங்கி உட்கார்ந்துகொள்ளும், சோப்புப் போட்டாலும் லேசில் போகாது. ஈக்காட்டுத்தாங்கலில் பாலுவும் அவன் மனைவி ஜெயபாரதியும் நடத்திவந்த கடைசல் பட்டறையில் சுவர், ஃபேன், டிபன் பாக்ஸ் மூடி என்று எங்கும் அந்தத் தூள்தான்.

முன்பெல்லாம் அவர்கள் உளிக்கும் அரத்துக்கும் கைப்பிடி செய்துகொண்டிருந்தார்கள். கண்திருஷ்டி படாது என்று ஊரெல்லாம் கருங்காலி மாலை போட ஆரம்பித்ததும் பாலு அந்த மரத்துக்கு மாறினான். அவன் கடைவான், அவள் மணிகளுக்குத் துளை போட்டு, உப்புத்தாள் பிடித்து, மாலையாகக் கோர்ப்பாள். சாதாரண மரமில்லை அது. தண்ணீரில் போட்டால் கல்லாட்டம் அடியில் போய்விடும். உளி சீக்கிரம் மழுங்கும். துளை போடும்போது அவசரப்பட்டால் சூடேறி மணி பிளந்துவிடும். அதனால் ஜெயபாரதி முகத்தைக் கிட்டே வைத்துக்கொண்டு, பொறுமையாகப் போடுவாள்.

ஆடி மாதத்தில் ஒருநாள் காலையில் அவள் கண்ணிமைகள் இரண்டும் வீங்கியிருந்தன. கொசு கடித்திருக்கும் என்று விட்டுவிட்டாள். பிறகு தும்மல் வந்தது. பிறகு, சாயங்காலமானால் நெஞ்சில் யாரோ முழங்காலை வைத்து அழுத்துகிற மாதிரி ஒரு பாரம். வெளியே வந்து காற்றாட உட்கார்ந்தால் குறையும். மறுநாள் மறுபடி வரும். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வராது. அதை அவள் கவனிக்கவில்லை.

"கண்ணு பட்டுகீது பாரதி," என்றான் பாலு. "நம்ம ஆர்டரைப் பாத்து எத்தினி பேருக்கு வயிறு எரியுது தெரியுமா? ஊருக்கெல்லாம் மாலை விக்கிறோம், உன் கழுத்துல ஒண்ணு இல்லியே."

இருப்பதிலேயே நல்ல மணிகளாகப் பொறுக்கி அவனே கோர்த்து அவள் கழுத்தில் போட்டான். அன்று அவளுக்குக் கொஞ்சம் தைரியமாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு வாரத்துக்குள் மாலை பட்ட இடமெல்லாம் சிவந்து தடித்து, கொப்புளம் கிளம்பியது.

சைதாப்பேட்டையில் அவர்கள் குடியிருந்த மாடிக்குக் கீழ்வீட்டில் இருந்த தேவானை அதைப் பார்த்துவிட்டு வாயில் கை வைத்தாள். "உள்ள எதுவோ பூந்துகீது. மாலை அத்த வெளிய தள்ளுது. கழட்டிடாதடி, கழட்னா அப்படியே உக்காந்துக்கும்."

அதற்கப்புறம் ஜெயபாரதி சரியாகத் தூங்கவில்லை. தனக்குள் ஏதோ இருக்கிறது என்ற எண்ணம் வந்துவிட்டது. கண்ணாடி பார்க்கப் பயந்தாள். குளிக்கும்போதும் மாலையைக் கழற்றவில்லை. வியர்வை பட்டு எரிந்தபோது, அது வெளியே போகிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

ஒரு மழைநாளில் பாலு தி.நகர் கடைக்குச் சரக்கு கொடுக்கப் போயிருந்தான். சாரல் உள்ளே அடித்ததால் ஷட்டரை முக்கால்வாசி இறக்கிவிட்டு அவள் மெஷினில் மணிகளைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தூள் வெளியே போக வழியில்லாமல் விளக்கைச் சுற்றிப் புகையாக நின்றது. முதலில் உள்ளங்கை அரித்தது. உதடு மரத்தது. நாக்கு வாய்க்குப் பெரிதாகிவிட்டதுபோல் இருந்தது. மூச்சை இழுத்தாள். விசில் சத்தம்தான் வந்தது, காற்று வரவில்லை.

வந்துவிட்டது, என்று நினைத்தாள். இத்தனை நாளாக உள்ளே இருந்தது இப்போது கழுத்தைப் பிடித்துவிட்டது. இரண்டு கையாலும் மாலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

கத்த முயன்றாள். குரல் இல்லை. பக்கத்துப் பட்டறையில் பாலிஷ் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. குரல் இருந்திருந்தாலும் கேட்டிருக்காது. தரையில் தவழ்ந்து போனாள். சுவரோரம் சாத்தியிருந்த ஒரு கருங்காலித் துண்டு கையில் பட்டது. அதைத் தூக்கி ஷட்டரில் அடித்தாள். தகரம் அதிர்ந்தது. மறுபடி அடித்தாள். கண் இருட்டிக்கொண்டு வந்தது. எத்தனை தடவை அடித்தாள் என்று அவளுக்குத் தெரியாது.

பாலிஷ் பட்டறை அய்யாதுரை ஷட்டரைத் தூக்கியபோது அவள் உதடு நீலம் பாரித்திருந்தது. "ஏய், வண்டிய எடுங்கடா!" என்று அலறிக்கொண்டே அவர் அவளை வாரி லோடு ஆட்டோவில் போட்டார்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் மாலையில் கை வைத்ததும் ஜெயபாரதி அவள் கையைத் தள்ளினாள். கழற்றினால் செத்துப்போவோம் என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. நர்ஸ் பேசிக்கொண்டிருக்கவில்லை. கத்தரிக்கோலால் கயிற்றை வெட்டினாள். மணிகள் தரையெங்கும் ஓடின. தொடையில் ஊசி இறங்கியது. ஜெயபாரதி கண்களை இறுக மூடிச் சாவுக்காகக் காத்திருந்தாள். கொஞ்ச நேரத்தில் அதற்குப் பதிலாக மூச்சு வந்தது.

பாலு நனைந்தபடி ஓடிவந்தபோது டாக்டர் ஸஹானா அவனை வெளியே நிறுத்திக் கேட்டார். "இவங்க என்ன வேலை பண்றாங்க?"

சொன்னான்.

"அந்த மரத்தூள்தான் இவங்களுக்கு ஒத்துக்கல. உடம்பு அதை விஷமா எடுத்துக்குது. ஒவ்வொரு தடவையும் அதிகமாகும். அடுத்த தடவை இங்க கொண்டு வர்றதுக்குள்ள என்ன ஆகும்னு என்னால சொல்ல முடியாது. கழுத்துல போட்டிருந்ததும் அதே மரம்தானே?"

பாலு உள்ளே ஓடினான். கட்டில் பக்கம் வந்து அவள் காலைப் பிடித்துக்கொண்டு நின்றான். "நான்தானே போட்டேன்," என்று மட்டும் சொன்னான். "என் கையாலயே போட்டேனே."

"அப்போ எனக்குள்ள ஒண்ணும் இல்லியா?" என்றாள் அவள். குரல் இன்னும் கரகரத்தது.

"ஒண்ணும் இல்ல. தூளுதான். வெறும் தூளு."

அவளுக்கு அழுகை வந்தது. பேய் என்றால் ஓட்டலாம். காற்றில் கிடக்கிற தூளை எப்படி ஓட்டுவது? வீட்டுக்கு வந்ததும் தலையணை உறையை முகர்ந்து பார்த்தாள். அவன் சட்டையைத் தொடாமல் குச்சியால் தூக்கி வாளியில் போட்டாள்.

மிச்ச மரத்தை பாலு வந்த விலைக்குக் கொடுத்துவிட்டான். பட்டறையை ஈரத்துணியால் மேலிருந்து கீழ்வரை துடைத்தான். வாளித் தண்ணீர் கறுப்பாகிக்கொண்டே இருந்தது. தெளிந்த பிறகும் துடைத்தான். பூவரசங்கட்டை வாங்கி மறுபடி கைப்பிடி கடைய ஆரம்பித்தான்.

மழை விட்ட ஒரு காலையில் ஜெயபாரதி வந்தாள். மூக்கையும் வாயையும் இறுக்கி மூடும் மாஸ்க் போட்டிருந்தாள். வாசலிலேயே நின்றாள். கால் உள்ளே போகவில்லை.

"வேணாம்னா வூட்டுக்குப் போ பாரதி," என்றான் பாலு. "நான் பாத்துக்கறேன்."

"நீ மெஷினைப் போடு."

வெளுத்த தூள் கிளம்பியது. அவள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு மூச்சை இழுத்தாள், விட்டாள், மறுபடி இழுத்தாள்.

"மூச்சு வருதா?" என்று அவன் மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டான்.

"வருது," என்றாள். ஸ்டூலை வாசலுக்கு நேராக, வெளிக்காற்று முகத்தில் படும்படி இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.