கை வால்வு

கண்ணாடிப் பெட்டிக்கு அடியிலிருந்து ராத்திரி முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்த உறுமல் சட்டென்று நின்றபோது, இலக்கியா வாசலில் யாரிடமோ மாலையை வாங்கிக்கொண்டிருந்தாள். பந்தலுக்குள் அழுதுகொண்டிருந்த பெண்களும் ஒரு கணம் நிறுத்தித் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள்.

"கரண்டு போச்சா?"

"அது எட்டு மணிக்கே போயிடுச்சு. ஜெனரேட்டர்ல ஓடுது. ஃபேன் சுத்துது பாருங்க."

பந்தலில் மின்விசிறி சுற்றிக்கொண்டுதான் இருந்தது. பெட்டி மட்டும் நின்றிருந்தது. மணி பத்தரை. அக்கினி நட்சத்திரம் பிறந்து ஆறாம் நாள். சிதம்பரத்து வெயில் அதற்குள் பந்தல் துணியைத் தாண்டி இறங்கத் தொடங்கியிருந்தது.

பெட்டிக்குள் அப்பா உத்திராபதி படுத்திருந்தார். முப்பது வருஷமாக ஃப்ரிட்ஜ், ஏசி, ஐஸ் கம்பெனி என்று சிதம்பரத்துக்கும் கடலூருக்கும் அலைந்த மெக்கானிக். நேற்று மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவப் போனவர் குழாயடியிலேயே உட்கார்ந்துவிட்டார். எழுந்திருக்கவில்லை. தம்பி எழிலன் மஸ்கட்டிலிருந்து கிளம்பிவிட்டான். சென்னையில் இறங்கிக் கார் பிடித்து வந்துசேர மாலை ஐந்து மணியாவது ஆகும்.

பெட்டிக்குச் சொந்தக்காரர் பொன்னுரங்கம் மண்டியிட்டு உட்கார்ந்து பக்கத் தகட்டைக் கழற்றினார். பந்தல், பாத்திரம், ஃப்ரீசர் பெட்டி எல்லாம் வாடகைக்கு விடுகிறவர். அந்தப் பெட்டியே ஐந்து வருஷத்துக்கு முன்பு, ஒரு பால் பண்ணை கழித்துப்போட்ட குளிர் இயந்திரத்தைப் பிரித்து உத்திராபதி செய்துகொடுத்ததுதான்.

"காஸ் ஓடல இலக்கியா. மச்சான் இருந்தா ஒரு நிமிசத்துல..." என்றவர் செல்போனை எடுத்தார். கடலூர் மெக்கானிக் வர ராத்திரி ஆகும் என்றார்கள். இன்னொரு பெட்டி புவனகிரியில் ஒரு சாவு வீட்டில் இருந்தது.

குமராட்சியிலிருந்து வந்திருந்த பெரியப்பா சுப்புராயன் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு நெருங்கி வந்தார். "இந்த வெயில்ல தாங்காதும்மா. பன்னெண்டு மணிக்குள்ள எடுத்துடலாம். எழிலனுக்கு நீயே பக்குவமா சொல்லிடு."

"அவன் மொகத்தப் பாக்க வேணாமா பெரியப்பா?"

"பாக்கணும்தான். அஞ்சு மணிக்கு எந்த மொகத்தப் பாப்பான், சொல்லு."

இலக்கியா பொன்னுரங்கத்தின் பக்கத்தில் குனிந்தாள். அவள் மெக்கானிக்கல் படித்தவள். சென்னையில் பெரிய கட்டடங்களுக்கு ஏசி வரைபடம் போடுகிற வேலை. அவளுடைய படத்தில் வால்வு என்றால் முனை தொட்டு நிற்கும் இரண்டு முக்கோணங்கள். நூறு நூறாகப் போட்டிருக்கிறாள். இங்கே எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் அப்பிய செம்புக் குழாய்கள் ஒன்றுக்குள் ஒன்று வளைந்து கிடந்தன. எது எங்கே போகிறது என்றே அவளுக்குப் பிடிபடவில்லை. காது சூடாயிற்று.

அப்போது தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அம்மா எழுந்தாள்.

தில்லையம்மாள் நேற்றிலிருந்து யாரிடமும் பேசவில்லை. கலைந்த கூந்தலைக்கூட அள்ளி முடிந்துகொள்ளாமல் பெட்டியைச் சுற்றி வந்து, பொன்னுரங்கத்தை நகரச் சொல்லிக் கையால் காட்டிவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். கையை உள்ளே விட்டாள். கண் பந்தலுக்கு வெளியே எங்கோ இருந்தது. விரல்கள் மட்டும் ஒரு குழாயைத் தொட்டு, விட்டு, அடுத்ததைத் தொட்டு, அதன் வழியாகவே போய் ஓரிடத்தில் நின்றன.

"குழலு அறுந்துடுச்சு. வாசப்படியில இடிச்சீங்களா?"

"ஆமாங்க்கா, நேத்து எறக்கும்போது லேசா... ராத்திரி பூரா ஓடுன அதிர்வுல அறுந்திருக்கும்" என்றார் பொன்னுரங்கம்.

அவள் வெளியே இழுத்துக் காட்டியது முடி போல மெல்லிய ஒரு செம்புக் குழல். அதன் ஒரு முனையில் சுண்டுவிரல் பருமனில் ஒரு சின்னக் குப்பி. இலக்கியாவுக்கு அது தெரியும், புத்தகத்தில் படித்திருக்கிறாள். குளிர்ந்து திரும்பும் குழாயோடு அந்தக் குப்பியைச் சேர்த்துக் கட்டியிருப்பார்கள். குழாய் சூடேறினால் குப்பிக்குள் அடைத்திருக்கும் காஸ் விரிந்து வால்வைத் திறக்கும். குளிர்ந்தால் சுருங்கி மூடும். கரண்டும் வேண்டாம், ஆளும் வேண்டாம். எவ்வளவு காஸ் உள்ளே போகலாம் என்று அதுவே முடிவுசெய்யும். இப்போது குழல் அறுந்து, வால்வு மூடிக்கொண்டுவிட்டது; காஸ் வராததால் மோட்டாரும் தானாக நின்றுவிட்டது.

"அவுரு பையில சின்ன ஸ்பேனரு இருக்கும், எடுத்துக்கிட்டு வா" என்றாள் அம்மா. "இது போனா கையால தெறக்க, பக்கத்துலயே கை வால்வு ஒண்ணு வச்சிருப்பாரு. எதச் செஞ்சாலும் அது இல்லாம செய்யமாட்டாரு."

இருந்தது. இலக்கியா ஸ்பேனரைக் கொண்டுவந்து கொடுத்ததும், அம்மா அதன் பித்தளை மூடியைக் கழற்றிவிட்டுக் கால் சுற்று திருகினாள். உஸ் என்று மெல்லிய சத்தம். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. சுப்புராயன் பெருமூச்சு விட்டார். இன்னும் ஒரு நூலளவு திருகினாள். பெட்டி ஒரு குலுக்கலோடு உறுமத் தொடங்கியது.

"அவ்ளோதானேக்கா? அப்படியே விட்டுட்டு நீ போய் ஒக்காரு" என்றார் பொன்னுரங்கம்.

"விடக் கூடாது. ஜாஸ்தி தெறந்துகிட்டா காஸ் தண்ணியாவே திரும்பி வந்து கம்ப்ரஸர ஒடச்சிடும். கம்மியாப் போனா அவுருக்குக் குளிராது."

இடது கையால் அந்தத் திரும்பு குழாயை, குப்பி கட்டியிருந்த இடத்திலேயே பற்றிக்கொண்டாள். வலது கையில் ஸ்பேனர். அப்படியே பெட்டியில் சாய்ந்துகொண்டாள்.

பெரியம்மா வந்து, "தலமாட்டுல ஒக்காரு தில்லையம்மா. நாலு சனம் வர்ற எடத்துல, மோட்டார்கிட்டப் போயி..." என்று இழுத்தாள்.

"இங்கியே இருக்கேங்க்கா."

ஜனம் வந்துகொண்டே இருந்தது. தெற்கு வீதி ஓட்டல்காரர்கள், மருந்துக் கடைக்காரர்கள். மாலை போட ஒவ்வொரு முறை மூடியைத் திறந்தபோதும் உள்ளே வெக்கை புகுந்தது. ஒவ்வொரு முறையும் யாரும் சொல்லாமலே அம்மாவின் வலது கை அசைந்தது. மூடியதும் கொஞ்சம் பொறுத்து எதிர்ப்பக்கம் அசைந்தது. கண்ணாடியின் உட்புறம் ஆவி படியவேயில்லை. இலக்கியா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பத்து மாடிக் கட்டடத்துக்கு அவள் வரைந்துகொடுத்தது எதுவும் இத்தனை நுணுக்கமாக நடந்து அவள் பார்த்ததில்லை.

கடலூர் துறைமுகத்து மீன் கம்பெனியில் மேனேஜராக இருக்கும் அந்தோணிசாமி ஒரு மணிக்கு வந்தார். மாலையைச் சாத்திவிட்டு, பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். பிறகு இலக்கியாவிடம் தணிந்த குரலில் சொன்னார்: "அப்பா எப்ப வேலைக்கு வந்தாலும் ஒயர் கூடையோட அம்மாவும் கூட வருவாங்க. அவருக்குச் சக்கர வியாதியாச்சே, நேரத்துக்குச் சோறு போட வர்றாங்கன்னுதாம்மா நாங்கல்லாம் நெனச்சிக்கிட்டிருந்தோம்."

இலக்கியாவும் அப்படித்தான் நினைத்திருந்தாள். அவர் போன பிறகு அம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"ஒனக்கு எப்படிம்மா இதெல்லாம்?"

அம்மா ஸ்பேனரை ஒரு மயிரிழை நகர்த்தினாள்.

"ஒங்கப்பாவுக்கு வெரலு மரத்துப் போயி ஆறு வருசமாவுது. சக்கரையால. நெருப்ப வச்சாகூடத் தெரியாது. பைப்பத் தொட்டா சூடா ஜில்லான்னு தெரியலன்னா, அந்த மனுசன் எப்படி வேல பாக்கறது?"

"அப்ப நீதான்..."

"நான் தொட்டுச் சொல்லுவேன். மீதிய அவுரு சொல்லுவாரு."

"எங்ககிட்ட ஏம்மா சொல்லல?"

"சொன்னா வேலைக்குப் போவாதன்னுவீங்க. ஊர்ல தெரிஞ்சா யாரு கூப்புடுவா? ஒக்கார வச்சா செத்துப்போயிடுவேன் தில்லைன்னாரு. ஒரு தடவ கூட நான் சொன்னத அவுரு சந்தேகப்பட்டதில்ல."

நாலு வருஷத்துக்கு முன்பு காலேஜ் லீவில் இலக்கியா ஒருநாள் அவர்களோடு அந்த மீன் கம்பெனிக்குப் போயிருந்தாள். குளிர் அறைக்குப் பின்னால், அம்மா ஒரு குழாயைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி நின்றிருந்தாள். அப்பா அவள் கையின் மேல் தன் கையை வைத்துக்கொண்டு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்த வயதில் இதென்ன என்று கூச்சப்பட்டு இவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டாள்.

இப்போது அம்மாவின் நெற்றியிலிருந்து வேர்வை சொட்டியது. இலக்கியா முந்தானையால் துடைத்துவிட்டாள். சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வாயில் ஊற்றினாள். "கொஞ்ச நேரம் நான் புடிக்கட்டுமா?" என்று கேட்க நினைத்தாள். கேட்கவில்லை.

ஐந்து மணி இருபது நிமிடத்துக்குக் கார் தெருமுனையில் திரும்பியது. எழிலன் செருப்பைக்கூடக் கழற்றாமல் ஓடிவந்தான். பொன்னுரங்கம் மூடியைத் தூக்கினார். நேற்று மத்தியானம் சாப்பிட உட்கார்ந்த அதே முகம். கன்னத்துச் சவரம்கூட அப்படியே இருந்தது. எழிலன் அப்பாவின் கன்னத்தோடு கன்னம் வைத்துக்கொண்டு அழுதான். சுப்புராயன் கண்ணைத் துடைத்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பினார்.

"பாத்தானா?" அம்மா கீழேயிருந்து கேட்டாள். அவள் எழுந்திருக்கவில்லை.

"பாத்துக்கிட்டுதான் இருக்காம்மா."

"நல்லாப் பாக்கட்டும். அவசரப்படுத்தாதீங்க." வலது கை ஒரு தடவை அசைந்தது.

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. பொழுது சாய்வதற்குள் எடுக்க வேண்டும். உடலை வெளியே எடுத்தார்கள். பெண்கள் வந்து அம்மாவைத் தூக்கி நிறுத்தினார்கள்; இடது கை விரல்கள் குழாயைப் பிடித்த வளைவிலேயே நிற்க, உடலைக் குளிப்பாட்டும் இடத்துக்கு அவளை நடத்திப்போனார்கள். பறை முழங்கியது. பெண்கள் தெருமுனையோடு நின்றுவிட, இலக்கியா மட்டும் முதலில் வீட்டுக்குத் திரும்பினாள்.

பந்தல் காலியாக இருந்தது. காலி பெட்டி இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. பொன்னுரங்கம் அதன் முன் குந்தி உட்கார்ந்திருந்தார்.

"என்ன மாமா? வண்டியில ஏத்தலயா?"

அவர் விரலால் காட்டினார். அம்மா பிடித்துக்கொண்டிருந்த குழாய் முழுக்க உப்பு பூத்தது போல வெண்பனி. நடுவில் நான்கு விரல் அகலத்துக்கு மட்டும் இன்னும் பனி பிடிக்கவில்லை. செம்பு பளபளவென்று சிவந்து தெரிந்தது.

ஜெனரேட்டரை நிறுத்த அவர் எழுந்துபோகவில்லை. இலக்கியாவும் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.