உப்புப் பார்க்கிற ஃபைல்

இன்றைக்குக் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் பிள்ளைகளுக்கு அந்த அவஸ்தையைச் சொன்னாலும் புரியாது. தொண்ணூற்றாறில், கணபதி என்ற பேட்டையில், நரசிம்மலுவின் லேத் பட்டறைக்கு மேல்மாடியில் கதிர் வேலை பார்த்த அறையில் இருந்தது ஒரே ஒரு மெஷின். அதில் ஒரு வரியை மாற்றி, முழுப் புரோகிராமையும் சேர்த்துக் கட்டி ஓடவிட்டால், கீழே இறங்கி டீ குடித்து, தேங்காய் பன் தின்று, டீக்கடைக்காரரோடு கொஞ்சம் ஊர்வம்பும் பேசிவிட்டு வரலாம். வந்து பார்த்தால் எங்கேயோ ஒரு அரைப்புள்ளி விட்டுப்போயிற்று என்று அது முறைத்துக்கொண்டு நிற்கும். அதைச் சரிசெய்தால் மறுபடியும் டீ.

நரசிம்மலு பம்புசெட்டுக்கு உதிரி பாகங்கள் கடைந்து கொடுத்து முன்னுக்கு வந்தவர். கம்ப்யூட்டரைப் பற்றி அவருக்கு இருந்த ஞானமெல்லாம், அதைத் தூசு படாமல் மூடிவைக்க வேண்டும் என்பதுதான். ஆனால் ஆசைக்குக் குறைவில்லை. கிணற்றின் ஆழத்தையும் வேண்டிய தண்ணீரையும் சொன்னால் எத்தனை குதிரைத்திறன் மோட்டார் வாங்க வேண்டும் என்று சொல்கிற புரோகிராமைச் செய்து, சத்தி முதல் உடுமலைப்பேட்டை வரை எல்லாப் பம்ப் கடைகளிலும் போட்டுவிட வேண்டும் என்று கிளம்பினார். மெஷின் ஒன்று, ஆள் இரண்டு. காலையில் கிருபா, மத்தியானத்துக்கு மேல் கதிர்.

இந்த டீ உபத்திரவத்துக்கு ஒரு வழி கண்டுபிடித்தவள் கிருபாதான். பெரிய புரோகிராமில் கை வைப்பதற்கு முன், சந்தேகமான அந்த நாலு வரியை மட்டும் ஒரு குட்டி ஃபைலில் தனியாக அடித்து ஓட்டிப் பார்த்துவிடுவாள். கண்மூடித் திறப்பதற்குள் பதில் வந்துவிடும். சரியாக இருந்தால் பெரியதில் சேர்ப்பது, இல்லையென்றால் அங்கேயே திருத்திக்கொள்வது.

“கொழம்பை எறக்கறதுக்கு முன்னால உள்ளங்கையில துளி ஊத்தி நாக்குல வெச்சுப் பாக்கறதில்லைங்களா, அது மாதிரிதானுங்க” என்று கதிருக்கு விளக்கினாள். ஃபைலுக்கு ‘உப்பு’ என்றே ஆங்கில எழுத்தில் பெயரும் வைத்துவிட்டாள். உப்புக்கு இருந்த சட்டம் ஒன்றே ஒன்றுதான். அதில் எதையும் சேர்த்துவைக்கக் கூடாது. திறந்தவர் இருப்பதை அழித்துவிட்டுத் தன் வரிகளை அடித்துக்கொள்ள வேண்டியது. யாரையும் கேட்க வேண்டியதில்லை.

ஓடியதா இல்லையா என்று தெரிய, எதையாவது திரையில் காட்டச் சொல்லியாக வேண்டும். கதிர் ஒருநாள் ‘வணக்கமுங்க’ என்று காட்டச் சொல்லிச் சோதித்துவிட்டு வீட்டுக்குப் போனான். மறுநாள் வந்து உப்பைத் திறந்தால், கிருபா கடைசியாக ஓட்டிய வரிகளில் ‘சாப்டீங்ளா’ என்று இருந்தது. அதற்குப் பிறகு கேட்கவா வேண்டும்? ‘லேத் சத்தத்துல காது போச்சு’ என்று ஒருநாள். ‘டீக்கடை போண்டாவைத் தொடாதீங்க, உசுருக்கு உத்தரவாதமில்லை’ என்று இன்னொரு நாள். ஒருவர் எழுதியதை மற்றவர் படித்துவிட்டு அழிப்பார். நேரில் பார்த்துக்கொள்ளும் அந்தக் கொஞ்ச நேரத்தில் மட்டும் இரண்டு பேரும் உத்தமர்கள். “மெஷின் சூடா இருக்குதுங்க” என்பாள் அவள். “சரிங்க” என்பான் இவன். அந்த ‘சரிங்க’வைச் சொல்வதற்குத்தான் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வருகிறான் என்பது கீழே லேத் ஓட்டியவர்களுக்கெல்லாம் தெரிந்திருந்தது. எவ்வளவு இனிப்பான மத்தியானங்கள் அவை! அப்படி ஒரு மத்தியானத்துக்காகக் கதிர் இன்றைக்கும் தன் மின்னல்வேக மெஷினைக் கொடுத்துவிடுவான்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது பெங்களூரில் அவனுக்கு வேலை கிடைத்தது. திங்கட்கிழமை சேர வேண்டும். வீட்டில் எல்லோருக்கும் கொண்டாட்டம். இவனுக்கு மட்டும் சோறு இறங்கவில்லை. கிருபாவை விட்டுவிட்டுப் போகவும் முடியவில்லை, அவள் மனதில் என்ன இருக்கிறது என்று தெரியவும் இல்லை. இருவர் வீட்டுத் தாத்தாக்களும் பண்ணையத்தில் ஏரோட்டியவர்கள், அதில் தடையில்லை. இவன் வீடு மாரியம்மன் கோயிலுக்குப் போனது, அவள் வீடு சர்ச்சுக்குப் போனது. அதைப் பேசிச் சரிக்கட்டிவிடலாம் என்றே அவனுக்குத் தோன்றியது. முதலில் அவள் சரி என்று சொல்ல வேண்டுமே.

நேரில் கேட்கத் துணிச்சல் வேண்டும். அது கதிரிடம் இல்லை. வெள்ளிக்கிழமை கிளம்பும்போது உப்பைத் திறந்து நாலு வரி அடித்தான். ஓட்டினால் இப்படிக் காட்டும்: ‘திங்கக்கெழம பெங்களூர்ல வேலைக்குச் சேரறேனுங்க. அதுக்குள்ள ஒண்ணு தெரியோணும். என்னைக் கட்டிக்கிறீங்களா?’ சேமித்துவிட்டு, திருடனைப் போல் படியிறங்கிப் போனான்.

சனிக்கிழமை அவன் வந்தபோது கிருபா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றாள். அவன் முகத்தை ஒருதரம் பார்த்தாள். “மெஷின் ஃப்ரீங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டாள். கதிர் நாற்காலியில் உட்காரக்கூட இல்லை, அதற்குள் மேசை டெலிபோனை எடுத்த நரசிம்மலு ரிசீவரை நீட்டிக்கொண்டு கத்தினார்.

“கதிரு, உடுமலையில இருந்து ஆறுச்சாமி. என்னன்னு கேளு கண்ணு, மனுசன் குதிக்கறாரு!”

ஆறுச்சாமி பம்ப் கடைக்காரர். புரோகிராமை முதன்முதலில் நம்பி வாங்கியவரும் அவர்தான். “ஏனுங்க தம்பி, பெரிய தோப்புக்காரர் ஒருத்தரு கடையில உக்காந்திருக்காருங்க. அவரு கெணத்துக் கணக்கைப் போட்டா மைனஸ் நாலு குதிரைன்னு காட்டுதுங்க. குதிரையை நான் அவருக்குக் குடுக்கறதா, அவர்கிட்ட இருந்து வாங்கறதா?”

கதிருக்குச் சட்டென்று பிடிபட்டது. ஆழமும் தண்ணீரும் அதிகமானால் பெருக்கி வரும் எண் பெரிதாகிவிடும், அதற்கு ஒதுக்கிய இடம் கொள்ளாமல் மைனஸில் போய் விழும். ஆனாலும் சோதித்துப் பார்க்காமல் சொல்லக் கூடாது. ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு உப்பைத் திறந்தான். மாதக்கணக்காகப் பழகிய விரல்கள். இருந்ததை அழித்தன, நாலு வரி அடித்தன, ஓட்டின. மைனஸ் வந்தது. இடத்தைப் பெரிதாக்கி மறுபடி ஓட்டினான். பதினைந்து குதிரை என்று கச்சிதமாக வந்தது.

“பதினஞ்சுங்க. தோப்புக்காரருகிட்டத் தைரியமாச் சொல்லுங்க. புது டிஸ்க்கு அனுப்பிப்போடறேனுங்க” என்று போனை வைத்தான். நரசிம்மலு அவன் முதுகில் தட்டிக்கொடுத்தார். அப்போதுதான் கதிருக்கு உறைத்தது. அவள் பதிலைப் படிக்கவே இல்லை. மெஷின் தானாக எடுத்துவைக்கும் பழைய பிரதியாவது இருக்குமா என்று தேடினான். இரண்டுமுறை ஓட்டியதில் அதுவும் போயிருந்தது. அவன் தன்னைத்தானே திட்டிக்கொண்ட வார்த்தைகளை இங்கே எழுத முடியாது.

படிகளைத் தாவி இறங்கி, சத்தி ரோட்டில் பஸ் ஸ்டாப்பை நோக்கி ஓடினான். நல்லவேளை, அவள் ஏறுகிற சரவணம்பட்டி பஸ் இன்னும் வரவில்லை. கூட்டத்தில் கிருபா நின்றுகொண்டிருந்தாள்.

“என்னங்க இப்படி ஓடி வாரீங்க? மெஷினுக்கு ஏதாச்சும் ஆயிப்போச்சுங்களா?”

“உப்பை அழிச்சுப்போட்டேனுங்க. நீங்க எழுதுனதைப் படிக்கவே இல்லீங்க. ஆறுச்சாமி போன் பண்ணாருங்க, கை பாட்டுக்கு...” அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. “என்ன எழுதியிருந்தீங்கன்னு சொல்லிப்போடுங்க. எதுவானாலும் சரிங்க.”

கிருபா பஸ் வரும் பக்கம் பார்த்தாள்.

“நான் ஒண்ணும் எழுதலீங்க” என்றாள்.

“எழுதலீங்களா?”

“காத்தால வந்து தொறந்தேன், நீங்க கேட்டிருந்ததைப் பார்த்தேன். அழிக்க மனசு வரலீங்க. அதனால உப்பே பாக்காம, இன்னிக்கு எல்லாத்தையும் பெரிய புரோகிராம்லயே போட்டுப் போட்டு ஓட்டுனேன். ஒவ்வொரு வரிக்கும் உக்காந்து காத்துக் கெடந்து, டீயாக் குடிச்சு வயிறே புண்ணாப் போச்சுங்க. முதலாளிகிட்ட வேற பேச்சு வாங்குனேன். உங்க கேள்வி அப்படியே பத்தரமா இருந்துச்சு. நீங்களே வந்து அழிச்சுப்போட்டீங்க.”

ஒரு காலை முழுவதும் இப்படி ஒருத்தி தனக்காகக் காத்துக் கிடந்திருக்கிறாள் என்பதைத் தாங்குவது கதிருக்குச் சிரமமாக இருந்தது.

“அப்புறம் ஏனுங்க பதில் எழுதலை?”

இப்போது அவளுக்குக் கோபம் வந்தது. “ஓட்டிப் பார்க்கலாம், சரியா வரலீன்னா யாருக்கும் தெரியாம அழிச்சுப்போடலாம்னுதானுங்க அதுல கேட்டீங்க? நானும் அழிச்சுப்போடற எடத்துல பதில் சொல்லோணுமாக்கும்? கேக்கறதானா வாயைத் தொறந்து கேளுங்க.”

பஸ் வந்து நின்றது. கூடைக்காரிகளும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் முண்டியடித்து ஏறினார்கள். இன்ஜின் இரைச்சலில் மெதுவாகப் பேசினால் எதுவும் கேட்காது. கதிர் கண்ணை மூடிக்கொண்டு, ஸ்டாப் முழுக்கக் கேட்கும்படி கத்தினான்.

“கிருபா, என்னைக் கட்டிக்கிறீங்களா?”

ஏறிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். கண்டக்டர் விசிலை வாயில் வைத்தவர், ஊதாமல் படியில் நின்றார்.

“அம்மணி, பதிலைச் சொல்லிப்போட்டு ஏறுங்க. வண்டி போகோணும்” என்றார்.

கிருபா தோளிலிருந்த பையைக் கழற்றிக் கதிரின் கையில் கொடுத்தாள்.

“நீங்க போங்கண்ணா” என்றாள் கண்டக்டரிடம். “நான் அடுத்த பஸ்ஸுல வாரேன்.”