பக்கீர் பாயின் சைவ பர்கர்

இரண்டாயிரத்து இரண்டில் மதுரை மேலூர் சாலையில் ‘குதூகலம்’ தீம் பார்க் திறந்தபோது, அதன் உணவகத்துக்கு நான்தான் மேனேஜர். ராட்டினம், தண்ணீர்ச் சறுக்கு எல்லாவற்றையும் வெளியூரிலிருந்து இறக்கிய முதலாளி, சாப்பாட்டில் மட்டும் பிடிவாதமாக இருந்தார்.

“சௌரிராஜன், சுத்த சைவம். ஆனா பிள்ளைக பர்கர் கேக்கும், பாத்துக்கங்க.”

நான் பிடித்து வந்தது, கீழவாசலில் கறி கட்லெட் கடை வைத்திருந்த பக்கீர் முகமதுவை. அவருடைய கைப்பக்குவம் எனக்கு எப்படித் தெரியும் என்று முதலாளி கேட்கவில்லை. பன்னிரண்டு வருடமாக ஞாயிறு மத்தியானம் நூலகத்துக்குப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு நான் போன இடம் அதுதான். எங்கள் வீட்டுக்குள் முட்டைகூட நுழைந்ததில்லை. என் மனைவி வசுந்தரா, கறிக்கடை இருக்கும் தெருவில் நடக்கவே மாட்டாள்.

மாதச் சம்பளம், நிழலில் வேலை என்று ஆசை காட்டியது நான்தான். என் பேச்சை நம்பிக் கடையைப் பூட்டிவிட்டு வந்தார் மனிதர். மீல் மேக்கரை ஊறவைத்துப் பிழிந்து, உதிர்த்து, சோம்பும் பட்டையும் வெங்காயமும் சேர்த்துத் தட்டிக் கல்லில் போட்டு, பன்னுக்குள் வைத்துக் கொடுத்தார். முதல் வாயிலேயே எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அசல் கறியேதான்.

வினை புரட்டாசி முதல் சனிக்கிழமை வந்தது. ஓசிப் பாஸில் வசுந்தராவும் வந்திருந்தாள். கே.கே. நகர் ராஜகுரு, ஓய்வுபெற்ற அதிகாரி, நெற்றி நிறைய நாமத்தோடு பர்கரைக் கடித்தார். மென்றார். கண்ணை மூடி இன்னும் கொஞ்சம் மென்றார். முழுதாக விழுங்கிய பிறகுதான் கத்தினார்.

“யோவ், இது கறிய்யா! வெள்ளாடுகூடக் கெடையாது, செம்மறி! தொடைக்கறி!”

கூட்டம் கூடிவிட்டது. பக்கீர் ஓடிப்போய் மீல் மேக்கர் மூட்டையைத் தூக்கிவந்து காட்டினார். “மூட்டையக் காட்டுனா ஆச்சா? உள்ள எதைக் கலந்தியோ” என்றார்கள். “பெரியவரு எம்புட்டு கரெக்டாச் சொல்றாரு பாருங்க” என்று ஒருவர் வியந்தார்.

வெள்ளாட்டுக்கும் செம்மறிக்கும் ருசி பிரித்துச் சொல்கிற ஆள் எப்படி சைவம் என்று கேட்க, அங்கே ஒருத்தருக்கும் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது. நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் கேட்டால், இது கறி இல்லையென்று உனக்கு எப்படித் தெரியும் என்று அடுத்த கேள்வி என் தலையில்தானே விழும்?

முதலாளியே வந்துவிட்டார். “சௌரிராஜன், நீங்க சாப்பிட்டுப் பாத்தீங்கள்ல? உறுதியாச் சொல்லுங்க. இல்லைன்னா பாய் வேலைக்கு வேண்டாம்.”

“ஒரு வார்த்தை சொல்லுங்கண்ணே” என்றார் பக்கீர். “உங்க நாக்குக்குத் தெரியாத கறியா?”

வசுந்தரா திரும்பினாள். “இவருக்கு எப்படிக் கறி தெரியும்?”

நான் மீல் மேக்கர் மூட்டையின் வாயைக் கட்டத் தொடங்கினேன். பக்கீர் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது.

“பதட்டத்துல ஏதோ உளறிட்டேம்மா. சாரு சைவம். அவுகளுக்கு என்ன தெரியும், பாவம்” என்றார். ஏப்ரனைக் கழற்றி மடித்து மேசைமேல் வைத்தார். “வாரேன் சார்.”

பன்னிரண்டு வருடத்தில் அவர் என்னை ‘சார்’ என்றது அன்றுதான். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. தெரியாமல் கறி தின்றுவிட்டேனாம், மறுநாள் விடியற்காலையில் வசுந்தரா என்னைக் கோவிலுக்கு இழுத்துப்போய்ப் பரிகாரம் செய்யவைத்தாள். மீல் மேக்கருக்குப் பரிகாரம் செய்தவன் மதுரையில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

புரட்டாசி முடிந்த ஞாயிறு, நூலகத்துக்குக் கிளம்பினேன். பழைய கடையை வேறு யாரோ எடுத்துவிட்டார்கள். அதன் எதிரில் தள்ளுவண்டியோடு வெயிலில் நின்றிருந்தார் பக்கீர்.

“வாங்க சார்.”

எல்லாருக்கும் கட்லெட் போனது. எனக்கு ஒரு பன் வந்தது. கடித்தேன். அதே மீல் மேக்கர்.

“பாய், கட்லெட்...”

“சைவக்காரவுகளுக்குக் கறி குடுக்கிறதில்ல சார். அந்தப் பாவம் நமக்கு எதுக்கு?”

அவர் முகத்தில் கோபம்கூட இல்லை. நான் தலையைக் குனிந்துகொண்டு முழுதும் தின்றேன். சத்தியமாகச் சொல்கிறேன், ருசி செம்மறித் தொடைக்கறியேதான்.