பரா லைட் நூல்

நூல் எண்டால் அறவேணும். என்ன விசர்க்கதை எண்டு கேப்பியள். நான் யாழ்ப்பாணத்துக் குருநகரிலை பிறந்து, குருநகரிலை கலியாணம் முடிச்சு, மீன் வித்தே கிழவியான கத்தரீனா. எனக்கு ஆரும் நூலைப் பற்றிப் படிப்பிக்கத் தேவையில்லை. பெரிய மீனுக்கு உரமான நூல்தான் வேணும், ஓம். ஆனால் அந்த நூலுக்கும் தூண்டிலுக்கும் நடுவிலை ஒரு சாண் மெல்லிய நூல் போட்டுத்தான் எங்கடை ஆக்கள் முடியிறவை. தூண்டில் கல்லிலை கில்லிலை மாட்டினால் அந்தச் சாண் அறும், வள்ளமும் ஆளும் தப்பும். போன தூண்டிலுக்கு வேறை தூண்டில் வாங்கலாம்.

இதெல்லாம் தெரியாத மனுசனில்லை என்ரை யாகப்பு. தெரிஞ்ச மனுசன்தான் தொண்ணூற்றிரண்டிலை, அந்தச் சாண் நூலைப் போடவேமாட்டன் எண்டு ஒற்றைக்காலிலை நிண்டவர்.

அவற்றை தமையன் செபமாலையைத்தான் என்ரை அக்கா மக்டலீன் முடிச்சவ. அக்காவும் தங்கச்சியும், அண்ணனையும் தம்பியையும் கட்டின குடும்பம் எங்கடையது. அதாலை செபமாலை எனக்கு அத்தான். யாகப்புவுக்கோ தமையனும் அவர்தான், தேப்பனும் அவர்தான். முந்தின வருசம் மாசியிலை அத்தான் இறால் பிடிக்கத் தனியப் போனவர். விடியப்புறம் மண்டைதீவுப் பக்கம் ஆமிக்காரங்கள் வானத்திலை பரா லைட் அடிச்சாங்கள். ஒரு குட்டிப் பரசூட் குடையிலை தொங்கிக்கொண்டு அந்தக் கோதாரி வெளிச்சம் மெல்ல மெல்ல இறங்க, எங்கடை முத்தத்திலை ஊசிக்கு நூல் கோக்கலாம். பிறகு வெடிச்சத்தம். பிறகு ஒண்டுமில்லை.

மண்டைதீவுக் கடல் வாய்க்காலுக்குள்ளை, அடியிலை வள்ளம் தாண்டு கிடந்ததைப் பொடியள் சுழியோடிக் கண்டவங்கள். அத்தானைக் காணேல்லை. தேடித் திரியேக்கை கண்டல் பத்தைக்குள்ளை அந்தப் பரா லைட்டின்ரை குடை சிக்கியிருந்தது. யாகப்பு அதைச் சுருட்டிக்கொண்டு வந்து கூரை வளையிலை சொருகினார். "உது எதுக்கு எங்கடை வீட்டுக்குள்ளை? எறியுங்கோ" எண்டன்.

அக்கா கறுப்பு உடுக்கேல்லை. ஆத்துமாவுக்குப் பூசை குடுப்பம் எண்டு சுவாமி வந்து கேட்டதுக்கு, "பிரேதத்தைக் காட்டுங்கோ, கறுப்பு உடுக்கிறன்" எண்டு முகத்திலை அடிச்ச மாதிரிச் சொல்லிப்போட்டா. அதைச் சொல்லேக்கை யாகப்பு படலையடியிலை நிண்டவர். அதுதான் அவற்றை நெஞ்சுக்குள்ளை முள்ளாய் இறங்கினது எண்டு எனக்குப் பிறகுதான் விளங்கினது.

கொஞ்சக் காலத்தாலை, அந்தத் தாண்ட வள்ளத்துக்குள்ளை ஒரு பெரிய களவாய் மீன் குடியிருக்குது எண்டு கரையிலை கதை எழும்பிச்சுது. எழும்பினாலும் ஒருத்தரும் போகேல்லை. மண்ணெண்ணெய் இல்லை, ஆழக்கடலுக்குப் போக வழியில்லை, சனம் அரைவயிறு. எண்டாலும் அந்த இடத்து மீன் எண்டால் என்ரை கடகத்தை நாயும் திரும்பிப் பாக்காது. என்னத்தைத் திண்ட மீனோ எண்டு எல்லாருக்கும் பயம். யாகப்பு மட்டும் போனார். நூல் அறுந்தது. இன்னும் மொத்தமான நூலோடை போனார், அதுவும் அறுந்தது. வீட்டை வந்தால் சோத்தைப் பிசைஞ்சு வைச்சிட்டு உள்ளங்கையைப் பாத்துக்கொண்டிருப்பார். கடல் அண்ணனை எடுத்தது காணாதெண்டு தம்பியையும் கேக்குதோ எண்டு பயந்து செத்தன்.

ஒரு மத்தியானம் சந்தையாலை வாறன், மனுசன் பூவரசுக்குக் கீழை மூண்டு நூலைப் பரப்பிப்போட்டு இருக்கிறார். கடையிலை வாங்கின தங்கூசி, நைலோன் நூல், ஒண்டு. பழைய வலையைப் பிரிச்சு முறுக்கினது ஒண்டு. மூண்டாவது வெள்ளை வெளேரெண்டு நெருக்கமாய்ப் பின்னின நூல். பாத்த உடனை விளங்கிச்சுது. வளையிலை இருந்த குடையை இறக்கி, அதின்ரை கயிறுகளை அவிட்டு, ஒண்டோடை ஒண்டு முடிஞ்சு ஒரே நூலாக்கி வைச்சிருக்கிறார்.

வாளிக்குள்ளை மண் நிரப்பி, கொப்பிலை ஒவ்வொரு நூலாய்க் கட்டித் தொங்கவிட்டார். தங்கூசி இழுபட்டு இழுபட்டு வாளி நிலத்திலை குந்திச்சுது. முறுக்கின நூலைக் கல்லிலை உரஞ்ச, பஞ்சாய்ப் பிரிஞ்சுது. பின்னல் நூல் அசையேல்லை. நனைச்சுப் பாத்தார், உரஞ்சிப் பாத்தார், தானும் அதிலை தொங்கிப் பாத்தார். பூவரசங்கொப்புத்தான் முறிஞ்சுது.

"கண்டறியாத நூல்! மீனுக்கோ, இல்லாட்டில் ஆரேன் மாடு கட்டவோ?" எண்டன்.

"தங்கூசி இழுபடும் கத்தரீனா. கீழை என்ன நடக்குதெண்டு கைக்குத் தெரியாது. இது இழுபடாது. கீழை ஒரு விரல் தொட்டாலும் எனக்குத் தெரியும்."

"விரலோ? களவாய்க்கு எப்பையப்பா விரல் முளைச்சது?"

மனுசன் சிரிக்கேல்லை. நிமிந்து என்னைப் பாத்தார். "அது மீனில்லை. அண்ணைதான் பிடிக்கிறார். நான் இழுக்க இழுக்க நூல் அறுந்து போகுது, அவர் திரும்பக் கீழை போறார். இந்த முறை அறாது. மேலை கொண்டந்து மக்டலீனக்காவிட்டைக் குடுத்திடுவன்."

பேசினன், அழுதன், அந்தோனியாருக்கு நேத்தி வைச்சன். கெடுகுடி சொற்கேளாது எண்டு சும்மாவோ சொன்னவை? "சரி, அந்த மெல்லிய நூலையெண்டாலும் ஒரு சாண் போடுங்கோ, உங்களைக் கும்பிட்டன்" எண்டு கெஞ்சினன். "போட்டால் அதிலை அறும்" எண்டார். தூண்டிலை நேரே பின்னல் நூலிலை முடிஞ்சார்.

அடுத்தநாள் காலமை அவர் வள்ளத்தைத் தள்ள, நான் சீலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறி இருந்திட்டன். எங்கடை பகுதியிலை பொம்பிளையள் தொழிலுக்கு வள்ளம் ஏறுறேல்லை. கரையிலை நிண்டவை வாயைப் பிளந்தவை. "இறங்கடி" எண்டார். "இறங்கமாட்டன். போறதெண்டால் ரெண்டுபேரும் போவம்" எண்டன். மீன் வெட்டுற கத்தி என்ரை இடுப்பிலை இருந்தது. அது எப்பவும் இருக்கிறதுதான்.

வாய்க்கால் தண்ணி கறுத்துக் கிடந்தது. வெய்யில் ஏறியும் அந்த இடத்திலை மட்டும் எனக்குக் குளிர்ந்தது. யாகப்பு சிலுவை போட்டிட்டுத் தூண்டிலை விட்டார். நூல் ஓடிச்சுது, நிண்டுது. அவற்றை முகம் வெளிச்சுது. ரெண்டு சுத்து நூலைக் கையிலை சுத்தினார். அதுவும் ஒரு கடல் தொழிலாளி செய்யக்கூடாத வேலை.

"பிடிச்சிட்டார், கத்தரீனா! பிடிச்சிட்டார்!"

தண்ணி வத்தி வெளிக்கடல் பக்கம் ஓடத் துவங்கினது. நீரோட்டம் வள்ளத்தை ஒரு பக்கம் இழுக்க, நூல் மற்றப் பக்கம் இழுக்குது. நூல் அறேல்லை. வள்ளம் சரிஞ்சு, தண்ணி உள்ளை பாய்ஞ்சுது. நூல் அவற்றை கையை அறுத்து ரத்தம் முழங்கையாலை வடியுது, அந்த மனுசனுக்கு அது தெரியேல்லை. "அண்ணை, வாறன். வாறன் அண்ணை" எண்டு குழந்தைப்பிள்ளை மாதிரி அழுதுகொண்டு, ஒரு காலைத் தூக்கி வெளியிலை போட்டிட்டார்.

"என்ரை மாதாவே!" எண்டு பாய்ஞ்சு, இடக்கையாலை நூலைப் பிடிச்சன்.

பிடிச்ச உடனை வெட்டியிருக்கலாம். வெட்டேல்லை. மீன் எண்டால் உதறி உதறி இழுக்கும். கல்லு எண்டால் சும்மா கிடக்கும். இது ரெண்டுமில்லை. இறுக்கிச்சுது, தளத்திச்சுது, திரும்ப இறுக்கிச்சுது. கோயில் பெருநாள் சனத்துக்குள்ளை எங்கடை கையைப் பிடிச்சுக் கூட்டிக்கொண்டு போற ஆள், பின்னாலை வாறமோ எண்டு அமத்திப் பாப்பார் எல்லோ, அப்பிடி.

"அத்தான்" எண்டு என்ரை வாய் தானாய்ச் சொல்லிச்சுது. "அத்தான், உவரை எனக்கு விடுங்கோ."

விடேல்லை. கத்தியை எடுத்து வெட்டினன். மண் வாளி தொங்கி அறாத நூல், ஒரு வெட்டிலை போச்சுது.

வள்ளம் நிமிந்திச்சுது. யாகப்பு உள்ளுக்கை விழுந்து கிடந்தார். "நீ அண்ணையை ரெண்டாந்தரம் சாக்காட்டிப்போட்டாய்" எண்டார். முப்பது வருசம் போனாலும் அந்தச் சொல்லு எனக்கு ஆறாது. நான் தண்ணியை இறைச்சுக்கொண்டிருந்தன்.

"நீயும் பிடிச்சுப் பாத்தனி. சொல்லு. என்ன அது?"

அவற்றை கண்ணைப் பாத்தன். ஓம் எண்டு ஒரு சொல்லுச் சொன்னால், நாளைக்கு வேறை நூலோடை திரும்ப வருவார். நானில்லாத நேரமாய்ப் பாத்து வருவார்.

"கல்லு" எண்டன்.

"பொய்."

"வெறும் கல்லப்பா. வள்ளத்துக்குப் பாரம் போடுற கல்லு. நீரோட்டத்துக்கு உருண்டு கிடக்குது. நான் என்ன நூல் பிடிச்சறியாதவளோ?"

"மாதா மேலை சத்தியம் பண்ணு."

என்ரை சீவியத்திலை நான் மாதாவின்ரை பேரிலை பொய்ச்சத்தியம் பண்ணினதில்லை. அது அவருக்கும் தெரியும். "மாதா மேலை சத்தியமாய்க் கல்லு" எண்டு தலையிலை கை வைச்சுச் சொன்னன். அதுக்குப் பிறகுதான் அந்த மனுசன் முகத்தைப் பொத்திக்கொண்டு, தமையன் செத்துப்போனார் எண்டு அழுதார்.

கரைக்கு வந்த கையோடை அக்காவிட்டைப் போனார். "அங்கை அண்ணை இல்லை அக்கா. கல்லுத்தான் கிடக்குது. கத்தரீனா பாத்தவள்" எண்டார். அக்கா என்னைப் பாத்தா. நான் தலையாட்டினன். அந்தக் கிழமையே கறுப்பு உடுத்தா, பூசையும் குடுத்தம். யாகப்பு அந்த வாய்க்கால் பக்கம் பிறகு தலைவைச்சும் படுக்கேல்லை. இப்ப பேரப்பிள்ளையளோடை சண்டை பிடிச்சுக்கொண்டு, பல்லில்லாத வாயாலை தேத்தண்ணியிலை தோய்ச்ச பாண் திண்டுகொண்டு இருக்கிறார். எனக்கு அது காணும்.

அந்தச் சத்தியத்தை மட்டும் நான் இன்னும் பாவசங்கீர்த்தனத்திலை சொல்லேல்லை. எத்தினை சுவாமிமார் வந்து மாறிப்போட்டினம். பொய் சொன்னன் எண்டு வாய் திறந்தால், கீழை பிடிச்சது ஆர் எண்டு நான் சொல்லவேணுமெல்லோ. இரவிலை யாகப்பு பக்கத்திலை குறட்டை விடுவார். அப்ப என்ரை இடக்கையை ஏதோ இறுக்கும், தளத்தும், திரும்ப இறுக்கும். நான் கையை இழுத்து நெஞ்சுக்குக் கீழை வைச்சுக்கொண்டு, அவர் எழும்பாத மாதிரி மெல்லமாய், "கல்லு" எண்டு சொல்லுவன்.