அன்று அவர் போட்டிருந்த சேட்

பதினேழு வருடங்களாகச் சட்டத்தரணி சுமித்திரா என்ற என் பெயருக்கு எதிராக ஒரு முறைப்பாடும் பதியப்பட்டதில்லை. கொழும்பு விசாரணைக் குழுவிலிருந்து வந்த கடிதத்தோடு அது முடிந்தது. 2019இல் நான் நொத்தாரிசாக நின்று, ஒப்பத்துக்குச் சாட்சி சொல்லி முடித்த நன்கொடை உறுதிப் பத்திரத்தில், காணிச் சொந்தக்காரரான கனகலிங்கம் என் முன் வந்து ஒப்பமிடவில்லை என்று அவருடைய தம்பி ராஜரத்தினம் எழுதியிருந்தார். விளக்கம் கொடுக்க எனக்கு இரண்டு கிழமைத் தவணை.

முறைப்பாடு உண்மை. யுத்தம் முடிந்த 2009 மே மாதம் வட்டுவாகலில் இராணுவத்திடம் சரணடைந்து பஸ்ஸில் ஏறிய கனகலிங்கம் அதன் பிறகு எங்கும் வரவில்லை.

மகள் யதுர்ஷிகாவின் கல்யாணத்துக்குக் காணியை எழுதவேண்டும் என்று அவருடைய மனைவி அமராவதி முல்லைத்தீவில் என் கந்தோருக்கு வந்தபோது, மரண அத்தாட்சிப் பத்திரம் எடுக்கச் சொன்னேன்.

"உயிரோட ஏத்தி விட்டனான் மிஸ். செத்தவர் எண்டு எப்பிடிச் சொல்லுறது?"

பிறகு மேசையிலிருந்த பேனையை எடுத்துக் கணவரின் ஒப்பத்தை அச்சொட்டாகப் போட்டார். நான் தடுக்கவில்லை. 'கனகலிங்கம் என் முன் தோன்றி, வாசித்து விளங்கி ஒப்பமிட்டார்' என்று எழுதி முத்திரை குத்தினேன். இரக்கம் என்று அன்று நினைத்தேன். இரக்கமுள்ளவளாக என்னை நானே பார்த்துக்கொள்ளும் ஆசைதான் அது என்று இப்போது தோன்றுகிறது.

"அவர் வந்தவர் எண்டு அந்த மனிசி சத்தியக் கடதாசி குடுத்தால் காணும். இல்லையெண்டு ஆர் நிரூபிக்கிறது?" என்றார் எனக்குத் தொழில் பழக்கிய சீனியர். அதைக் கேட்டு எனக்குக் கோபம் வரவில்லை. அடுத்த நாளே புதுக்குடியிருப்புக்கு பஸ் ஏறினேன்.

அமராவதி எனக்குக் கதிரையைத் தந்துவிட்டுத் தான் படியில் இருந்தார்.

"ராஜரத்தினத்துக்கு எங்கட காணிக்குள்ள வேலி அரக்கினது காணாதாம். அவன் நட்ட கட்டையைப் பிடுங்கிப் பழைய இடத்தில நட்டனான். அந்தக் கொதியில இப்ப தமையனில பாசம் பொங்குது!"

நான் வந்த காரியத்தைச் சொன்னேன். அவர் யோசிக்கவேயில்லை.

"சொல்லுறன் மிஸ். உங்களாலதானே பிள்ளை காணியோட கல்யாணம் முடிச்சவள்."

"கேள்வி கேப்பினம் அக்கா. எத்தினை மணிக்கு வந்தவர்?"

"பத்து மணி இருக்கும்."

"என்ன உடுப்பு?"

"நீலச் சேட். கையை மடிச்சு விட்டிருந்தவர். இறக்கி விட்டா அவருக்குப் பிடிக்காது."

அதன் பிறகு அவர் என் கேள்விக்குக் காத்திருக்கவில்லை. ஆள் நல்லா மெலிஞ்சு போனவர், காதடியில மட்டும் நரை, உங்கட கந்தோர்த் தேத்தண்ணிக்குச் சீனி காணாது எண்டு எனக்கு மட்டும் கேக்கச் சொன்னவர். சொல்லச் சொல்ல அமராவதியின் முகம் இளகிக்கொண்டு வந்தது. எழுதிக்கொண்டே போனேன். என் பெயரைக் காப்பாற்ற எதை அள்ளுகிறேன் என்று தெரிந்தும் பேனை நிற்கவில்லை.

"ஒப்பம் வைச்ச பிறகு எங்க போனவர்?"

விசாரணையில் நிச்சயம் வரப்போகும் கேள்வி. தொழில் பழக்கத்தில் கேட்டுவிட்டேன்.

அமராவதி என் பக்கம் திரும்பினார்.

"வந்திட்டுப் போனவரோ?" என்றார். "மகளின்ர கல்யாணத்துக்கும் நிக்காமலோ?"

நான் எழுதிய பக்கத்தைத் திருப்பினேன்.

"அப்ப இனி அவரை ஒருத்தரும் தேட மாட்டினமே, மிஸ்?"

"மாட்டினம் அக்கா. வந்தவரை ஏன் தேடப்போகினம்?"

அவர் பேனைக்குக் கையை நீட்டினார்.

"தாங்கோ, ஒப்பம் வைக்கிறன். உங்களுக்கு வேலை போகக் கூடாதெல்லோ."

நான் உடனே மறுக்கவில்லை. அந்தக் கை நீண்டபடியே இருக்க, என் பதினேழு வருடத்தை எண்ணிப் பார்த்தேன். எவ்வளவு நேரம் அப்படி இருந்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. பிறகுதான் பேனையை மூடினேன்.

"வேண்டாம் அக்கா. உண்மையை எழுதப்போறன். உறுதி செல்லாமல் போகும். காணி திரும்ப அவற்ர பேருக்கு வரும்."

"வரட்டும். பிள்ளை அதிலதானே இருக்கிறாள்." பிறகு, "அந்தக் கடதாசியை என்னட்டத் தாறீங்களோ?" என்று கேட்டார்.

கொடுத்தேன். நீலச் சேட் எழுதியிருந்த பக்கத்தை மேலே வைத்து மடித்தார்.

விளக்கத்தில் மூன்று வரி எழுதினேன். கனகலிங்கம் வரவில்லை. அவருடைய மனைவியை ஒப்பமிட விட்டது நான். குற்றம் என்னுடையது.

எனக்குத் தொழில் தடை எத்தனை வருடம் என்று இன்னும் அறிவிக்கவில்லை. பெயர்ப்பலகையை நானே கழற்றி அலுமாரிக்குப் பின்னால் வைத்துவிட்டேன்.