ஹார்லன் கொல்லையின் இருமல்

1931 ஆகஸ்ட் பதினோராம் தேதி, மேற்கு வர்ஜீனியாவில், ஹார்லன் என்பவரின் மக்காச்சோளக் கொல்லை இருமத் தொடங்கியது. காற்றில்லாத மத்தியானம். முதலில் கேட்டது அவருடைய கோவேறு கழுதை. அன்றிலிருந்து அது வரப்பைத் தாண்டிக் கொல்லைக்குள் போகவில்லை. அந்த வாரச் சந்தையில் மக்காச்சோளத்தின் விலை ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

ஆற்றைத் திருப்புவதற்காக மலையைக் குடைந்த சுரங்கத்தில் கிளியோஃபஸ் பத்து மாதம் பாறையில் துளை போட்டான். தெற்குக் கரோலினாவில் பருத்தி விலைபோகாததால் மனைவி ஓஸெல்லாவோடு அங்கே வந்தவன். தண்ணீர் விட்டுத் துளைத்தால் தூசு அடங்கும், ஆனால் வேலை மெதுவாகும். அதனால் மேஸ்திரிகள் வறட்டுத் துளையே போடச் சொன்னார்கள். சாயங்காலம் வெள்ளைத் தூசு படிந்து வெளியே வரும் ஆட்களில் கறுப்பர் யார், வெள்ளையர் யார் என்று தெரியாது. “பாத்தியாடி, நானும் வெள்ளைக்காரன் ஆயிட்டேன். இனிமே கடைக்கு முன்வாசல் வழியாத்தான் போவேன்” என்றான் ஒருநாள். “முதல்ல மூஞ்சியக் கழுவிட்டு வாங்க துரை, ரொட்டி ஆறுது” என்றாள் அவள். அவன் சட்டையைத் துவைத்த தண்ணீர் வாளியின் அடியில் கல்லாக இறுகியது. அவள் அதை உளியால் பெயர்த்து வாசற்படியாகப் போட்டாள். முகாமில் எல்லாக் குடிசைக்கும் அப்படித்தான் படி அமைந்தது.

பிறகு இருமல் வந்தது. முகங்கள் ஒன்றுபோல் வெளுத்திருந்ததால், பெண்கள் தங்கள் ஆளை இருமலை வைத்தே கண்டுகொண்டார்கள். கிளியோஃபஸுடையது இரண்டு குட்டை, ஒரு நீளம், முடிவில் கதவுக் கீல் போல ஒரு கிறீச். மருத்துவர் நிமோனியா என்று கறுப்பு மாத்திரை கொடுத்தார். ஒருநாள் காலை ஓஸெல்லா சூப்போடு வைத்தியக் கொட்டகைக்குப் போனபோது அவன் படுக்கை காலி. ஊர் இடுகாட்டில் கறுப்பர்களுக்கு இடமில்லை என்பதால் எங்கோ புதைத்துவிட்டதாகச் சொன்னார்கள். எங்கே என்று சொல்ல ஆளில்லை. விதவை மூன்று நாளில் குடிசையைக் காலி செய்ய வேண்டும். அவனை எந்த மண்ணில் விட்டுப்போகிறோம் என்று தெரியாமல் ரயிலேற அவளுக்கு மனமில்லை.

மூன்றாம் நாள்தான் கொல்லை இருமியது. “நம்ம ஆளுங்கதான் அக்கா. வேற யாரு இப்படி இருமுவா?” என்றாள் பக்கத்துக் குடிசை லுவென்னா. ஓஸெல்லா வாளித் தண்ணீரோடு போனாள். ஹார்லன் வேலியோரம் நின்றிருந்தார்.

“பயிர மிதிக்காமப் போ” என்றார்.

வரிசைகளுக்கு நடுவே குழி தோண்டி, பிடுங்கிய தட்டைகளை மேலேயே திரும்ப நட்டிருந்தார்கள். அவை மட்டும் வாடியிருந்தன, அவை மட்டும் இருமின. அவள் ஒவ்வொன்றாக நின்று கேட்டாள். பத்தொன்பதாவது வரிசையில் இரண்டு குட்டை, ஒரு நீளம், ஒரு கிறீச்.

“வந்துட்டேன்யா, பொறு” என்று வேரில் தண்ணீரை ஊற்றினாள். தூசு அடங்குவதுபோல் இருமல் அடங்கியது. உடனே அடுத்த தட்டை இருமியது. அவள் ஆற்றுக்குப் போய் வாளியை நிரப்பிக்கொண்டு வந்தாள்.

ரயிலில் அவள் ஏறவில்லை. ஊரில் துணி வெளுத்துக்கொடுத்து, தினமும் குழிக்கு ஒன்றாக நாற்பத்துமூன்று வாளி ஊற்றினாள். அந்த வருடம் ஹார்லனுக்கு நல்ல விளைச்சல். மாவு மட்டும் பல்லில் நறநறத்தது. ஊரார் சலித்துச் சாப்பிட்டார்கள்.